ஒரு சாஷே ஷாம்பு

ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் யோசனை கடலூர் சின்னிகிருஷ்ணனுடையது. அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனதில் பெரிய பங்கு அவர் மகன் சி.கே. ரங்கநாதனுக்கு. 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக இறங்கி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' என்று வைத்தார்.

கிராமங்களில் பையன்களைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலி சாஷேக்களைக் கடையில் கொடுத்தால் புது சிக் இலவசம். முதலில் எந்தக் கம்பெனி சாஷே என்றாலும் சரி. ஜனங்களுக்குப் பழகியதும், சிக் காலி சாஷே மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள். கில்லாடிகள்!

'சூப்பர் ஐடியா ஒன்று இருக்கு, சொன்னால் திருடிவிடுவார்கள்' என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கும் நண்பர்களே, தைரியமாகச் சொல்லுங்கள். திருடுகிறவன் அப்புறம் ஊர் ஊராகப் போய்த் தலை தேய்த்துவிட வேண்டாமா?