காணாமல் போனவளின் வீடு: ஒரு நாவல் உருவாகும் குறிப்புகள்

மார்ச் 3

முதல் அத்தியாயத்திலேயே அவள் காணாமல் போய்விட்டாள். பதினாறு வயது. பள்ளி விட்டு வீடு திரும்பவில்லை. பெயர் இன்னும் வைக்கவில்லை. ஆனால் அவள் பிணமாகக் கிடைக்கப் போவதில்லை என்பதை இன்றே முடிவு செய்துவிட்டேன். இந்த வகை நாவல்களில் பெரியவர்களின் குற்றவுணர்வைக் கிளறுவதற்காகவே எத்தனையோ பெண்பிள்ளைகள் சாகடிக்கப்பட்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். என்னுடையவள் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை தேடித்தான் கிளம்பிப் போயிருக்கிறாள்.

மார்ச் 5

கேள்வி கிடைத்துவிட்டது: ரத்த வகை.

விஞ்ஞானி லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் கண்டறிந்து சொன்ன ரத்த வகைகளை உயிரியல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் ஓ வகை என்றால் பிள்ளை ஏபி வகையாக இருக்க முடியாது என்பது பாடநூல் கணக்கு. ஓ வகைக்காரரிடம் கொடுப்பதற்கு ஏயும் இல்லை, பியும் இல்லை. இவள் ஏபி. அம்மா ஏ. அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டில் ஓ என்று இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுப் பார்க்கிறாள். அடித்துவிட்டு மறுபடியும் போடுகிறாள்.

மார்ச் 6

வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே “அவர் சொந்த அப்பா இல்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுவார். எழுதட்டும், அவர் அப்படி நம்பத்தான் வேண்டும்.

1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயும் உடன் பணிபுரிந்தவர்களும் கண்டறிந்த அரிய வகை ஒன்று உண்டு. பம்பாய் ரத்த வகை என்பார்கள். ஏ, பி ஆகியவை உருவாக அடித்தளமாக ஹெச் என்ற பொருள் வேண்டும். இந்த வகையினரின் சிவப்பணுக்களில் அது உருவாவதே இல்லை. அதனால் மரபணுவில் பி இருந்தாலும் மேலோட்டமான சோதனை ஓ என்றே காட்டும். ஒளிந்திருக்கும் அந்த பி பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். தாயிடமிருந்து ஹெச் கிடைத்துவிடுவதால், பிள்ளையிடம் அது வெளிப்பட்டும்விடும். இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கும் என்பார்கள். ஐரோப்பாவில் இன்னும் பல மடங்கு அரிது.

ஆக, அப்பா சொந்த அப்பாதான்!

கடைசியில் தொப்பியிலிருந்து முயலை எடுப்பதுபோல இதை எடுத்துக் காட்டினால் வாசகருக்குத் துரோகம். தடயம் முன்பே கண்ணெதிரே கிடக்க வேண்டும். இந்த வகையினருக்கு இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம்தான் சேரும், சாதாரண ஓ ரத்தம்கூட ஆபத்து. எனவே மூன்றாம் அத்தியாயத்தில் அப்பாவைப் பெற்ற பாட்டி, இறந்துபோன தன் மூத்த மகனை, அப்பாவின் அண்ணனை, நினைத்து அழுவாள். அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். பாட்டியும் தாத்தாவும் நெருங்கிய உறவில் மணந்தவர்கள், அதனால் பிள்ளைகளுக்கு இந்த அரிய வகை அமைய வாய்ப்பு கூடுதல்; அந்த உறவும் வேறோர் இடத்தில், பேச்சுவாக்கில் வரும். வாசகர் அதைத் துக்கமாகப் படித்துவிட்டுக் கடந்துபோவார்.

மார்ச் 9

அப்படியென்றால் ரகசியம் எங்கே இருக்கிறது? அம்மாவிடம்.

“அம்மா, அப்பாவுக்கு உண்மையிலேயே ஓ வகைதானா?”

“ஏன் கேட்கிறாய்?”

அவ்வளவுதான் உரையாடல். ஆனால் அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. ஏனென்றால் பதினாறு வருடங்களாக அவளுக்கே அது நிச்சயமில்லை. திருமணத்துக்குப் பிறகு அவள் வாழ்வில் வேறொருவர் சில காலம் இருந்தார். மகள் யாருடைய பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மகள் அந்த முகத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். ரத்தம் அவளிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அவளை வீட்டைவிட்டுத் துரத்தியது அந்த மௌனம். இது தெரிந்தபின் இந்த அம்மாவை என்னால் வெறுக்க முடியவில்லை. வாசகரும் வெறுக்காமல் இருக்கும்படி எழுத வேண்டும். நாவலிலேயே கடினமான வேலை அதுதான்.

மார்ச் 14

காவல் நிலையக் காட்சி. “இருபத்துநாலு மணி நேரம் போகட்டும், பிறகு வாருங்கள்” என்ற வசனத்தைக் கதைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் அப்படிக் காத்திருக்கச் சொல்வதை அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில், காணாமல் போன பிள்ளைகள் பற்றிய புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. என் நாவலிலும் காவலர் உடனே எழுதிக்கொள்கிறார். தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. “தோழி வீட்டுக்குப் போயிருப்பாள்” என்று அம்மா இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மகள் ஏன் போனாள் என்பது அவளுக்குத் தெரியும்.

மார்ச் 20

கடைசியாகப் பார்த்த காலையை வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படி அறிந்தோம் என்று மாணவர்களை எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டுகள் கழித்து மறுபடியும் கேட்டபோது பலருடைய பதில்கள் மாறிப்போயிருந்தன. ஆனாலும் உறுதியாகச் சொன்னார்கள். என் தம்பிப் பாத்திரத்துக்கு இதுவே போதும். அக்காள் சிரித்துக்கொண்டே போனாள் என்று அவன் சத்தியம் செய்வான்.

மார்ச் 27

நடு அத்தியாயங்கள் நகரவில்லை. காத்திருப்பதை எப்படி எழுதுவது? போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இறந்தார் என்றும் சொல்ல முடியாத, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாத இழப்பில் துக்கம் உறைந்துபோகும் என்கிறார். அந்த வீட்டில் ஒருவர் நம்பினால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும். அப்பா தினமும் தேடப் போகிறார். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 2

தேடிப் போன வழியில் அப்பாவுக்கு விபத்து. மருத்துவமனையில் எந்த ஓ ரத்தமும் பொருந்தவில்லை. அவர் பம்பாய் வகை என்று சொல்லப்போகும் ரத்தப் பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கேதான் வரிசை முக்கியம். அறிக்கை வந்தபின் அம்மா பேசினால் அவள் எதையும் பணயம் வைக்கவில்லை என்றாகிவிடும். அதனால் அறிக்கை பதினெட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அம்மா பதினேழிலேயே மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். நாளை அந்த உரையாடலை எழுதுகிறேன்.