விஜிடிஸ்ப்ளேயில் ஆறு டிஸ்க், கையில் ஐந்து

எச்பி-யுஎக்ஸ் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ்) ஓடும் சர்வர் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் கதையின் பாதி முன்பே தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று ராத்திரி நான் அவசரப்பட்டிருந்தால் ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் பழைய டேட்டாவோடு கலந்து நாசமாகியிருக்கும்.

இரண்டு நோடு (சர்வர்) கொண்ட சர்வீஸ்கார்டு க்ளஸ்டர், ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் அமைப்பு. இரண்டிலும் எச்பி-யுஎக்ஸ் 11ஐ வி2. ஒரு சனிக்கிழமை இரவு முதல் நோடில் மெமரி மாற்ற வேண்டியிருந்ததால் பேக்கேஜை, அதாவது டேட்டாபேஸையும் அதன் டிஸ்க்குகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டையை, இரண்டாவது நோடுக்குத் தள்ளினோம். அரைமணி நேர வேலை என்று டீ கூடச் சொல்லாமல் உட்கார்ந்தேன். பேக்கேஜ் எழவில்லை. லாகைத் திறந்தால், ஒரு லாஜிக்கல் வால்யூமை (பல டிஸ்க்குகளைச் சேர்த்த வால்யூம் குரூப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) மவுன்ட் செய்யப் போன இடத்தில் அப்படி ஒரு டிவைஸ் ஃபைலே (சர்வர் அதை அணுகும் பெயர்) இல்லை என்று நிற்கிறது. அதற்கு நாலு வரி மேலே, எல்லா டிஸ்க்கையும் விசாரிக்க முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும், ஆனால் கண் எப்போதும் கடைசி வரிக்குத்தானே போகிறது.

கையால் அந்த வால்யூம் குரூப்பை மட்டும் ஆக்டிவேட் செய்து, அதன் நிலையைக் காட்டும் விஜிடிஸ்ப்ளே கட்டளையை ஓட்டினேன். கரன்ட் பிவி 6, ஆக்டிவ் பிவி 5 (பிவி என்றால் ஃபிசிக்கல் வால்யூம், அதாவது டிஸ்க்). இதில் கரன்ட் என்பது டிஸ்க்குகளின் மேலேயே எழுதி வைத்திருக்கும் கணக்கு, அந்த வால்யூம் குரூப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பது. ஆக்டிவ் என்பது இந்த சர்வரால் இப்போது பிடிக்க முடிந்த டிஸ்க்குகள். பாதிக்கு மேல் வந்துவிட்டால் கோரம் (தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேர்ந்துவிடும், வால்யூம் குரூப்பும் ஒன்றும் நடக்காதது போல ஆக்டிவேட் ஆகிவிடும். அங்கேதான் ஏமாறுவோம். எல்விடிஸ்ப்ளேயில் மைனஸ் வி போட்டுப் பார்த்தபோது, சமீபத்தில் பெரிதாக்கிய ஒரு ஃபைல் சிஸ்டத்தின் கடைசி எக்ஸ்டென்ட்களுக்கு (டிஸ்க் இடத்தின் சிறு துண்டுகள்) நேரே டிஸ்க் பெயருக்குப் பதிலாக மூன்று கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அதைப் பார்த்ததும் உடனே விஜிசேஞ்ச் மைனஸ் ஏ என் போட்டு மூடிவிட்டு, பேக்கேஜைத் திரும்ப முதல் நோடிலேயே எழுப்பச் சொன்னேன். மெமரி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் வேலை ஓடிக்கொண்டிருந்தால்தான் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

அப்புறம் நிதானமாக இரண்டு நோடிலும் இடிசி-யில் இருக்கும் எல்விஎம்டேப்பை, எந்த வால்யூம் குரூப்பில் எந்த டிஸ்க் என்று அந்த சர்வர் வைத்திருக்கும் பதிவேட்டை, ஒப்பிட்டேன். அது பைனரி ஃபைல், நேராகத் திறந்தால் குப்பையாகத் தெரியும், ஸ்ட்ரிங்ஸ் கட்டளை வழியாகத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு லன்னுக்கும் (ஸ்டோரேஜ் பெட்டி தரும் டிஸ்க்) இரண்டு பாதை, ஆக முதல் நோடில் 12 வரி. இரண்டாவதில் 10. எட்டு மாதம் முன்பு முதல் நோடில் விஜிஎக்ஸ்டென்ட் செய்து ஆறாவது டிஸ்க்கைச் சேர்த்திருக்கிறார்கள், இன்னொரு நோடில் அதைப் பதியவே இல்லை. மருமகள் வந்து எட்டு மாதமாகியும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத கதைதான். "அவர்கள்" என்றா எழுதினேன்? எங்கள் டீம்தான், டிக்கெட்டில் பெயரும் இருந்தது.

இந்த நேரத்தில் கான்ஃபரன்ஸ் காலில் இருந்தவர்களிடமிருந்து யோசனைகள் கொட்ட ஆரம்பித்தன. ஒருவர், முதல் நோடின் எல்விஎம்டேப்பை அப்படியே இங்கே காப்பி செய்துவிடலாம் என்றார். கன்ட்ரோலர் எண் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறாக இருக்கும், அங்கே 12 என்று இருக்கும் பாதை இங்கே 8 ஆக இருக்கலாம், வேறு ஏதோ டிஸ்க்கைக்கூடக் காட்டலாம். வேண்டாம் என்றேன். இன்னொருவர், விஜிஸ்கேன் (டிஸ்க்குகளைத் தேடி எல்விஎம்டேப்பை நிரப்பும் கட்டளை) போட்டால் தானாகவே சரியாகிவிடும் என்றார். நானும் பல தடவை அப்படிச் செய்தவன்தான். ஆனால் ஸ்கேன் செய்யும் முன் இந்த சர்வர் எந்தெந்த டிஸ்க்கைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது, ஏன் தோன்றியது என்று கேட்டால் பதில் இல்லை, பயம்தான்.

ஐஓஸ்கேனில் (இணைந்திருக்கும் ஹார்டுவேரைக் காட்டும் கட்டளை) ஆறாவது லன் தெரிந்தது, க்ளெய்ம்டு (டிரைவர் பிடித்துவிட்டது) என்றுகூட இருந்தது, ஆனால் டிவைஸ் ஃபைல் இல்லை. இன்எஸ்எஃப் மைனஸ் இ ஓட்டியதும் வந்துவிட்டது. அடுத்து எக்ஸ்டி கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பகுதியிலும் 8200வது பைட்டிலிருந்து 16 பைட் படித்தேன். முதல் 8 பைட் அந்த டிஸ்க்கின் அடையாள எண், அடுத்த 8 அது எந்த வால்யூம் குரூப்பைச் சேர்ந்தது என்ற எண். ஒவ்வொன்றிலும் பின் நாலு பைட் அது உருவான நேரம், 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட வினாடிகள். தேதியாக மாற்றிப் பார்த்தால் ஐந்து டிஸ்க் ஒரே பழைய நாள், ஆறாவது சரியாக எட்டு மாதம் முன்பு. சந்தேகமே இல்லை, நம்ம ஆள்தான்.

ஆனால் அதே குரூப் எண்ணோடு 12 பாதைதானே வர வேண்டும், எனக்கு 14 வந்தது. முதலில் நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். 14 தான். அடையாள எண் வாரியாக வரிசைப்படுத்தினேன், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பாதை, இரண்டாவது டிஸ்க்குக்கு மட்டும் நான்கு. இரண்டு ஃபைபர் கார்டு வைத்துக்கொண்டு ஒரே டிஸ்க்குக்கு நாலு பாதை எங்கிருந்து வரும்? எக்ஸ்பிஇன்ஃபோ ஓட்டி ஸ்டோரேஜ் பெட்டி தன் டிஸ்க்குக்கு வைத்திருக்கும் எல்டெவ் எண்ணைப் பார்த்தேன், அந்த நான்கில் இரண்டு வேறு எல்டெவ். ஸ்டோரேஜ் டீமை எழுப்பிக் கேட்டால், பேக்கப் சோதனைக்காக எப்போதோ எடுத்த ஒரு காப்பியாம், தவறுதலாக இந்த நோடுக்கும் மேப் ஆகி அப்படியே கிடக்கிறது. பிட்டுக்குப் பிட் காப்பி என்பதால் அடையாள எண், குரூப் எண் இரண்டும் அச்சு அசல் அப்படியே. எல்விஎம் (வால்யூம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அதை வேறு டிஸ்க் என்று நினைக்காது, அதே டிஸ்க்குக்கு இன்னொரு பாதை என்று நம்பிச் சேர்த்துக்கொள்ளும். அதுவே முதன்மைப் பாதையாக அமைந்துவிட்டால் ஐந்து டிஸ்க்கில் இன்றைய டேட்டா, ஒன்றில் பல மாதப் பழசு. விஜிஸ்கேன் போட்டிருந்தாலும் சரி, வழக்கமாகப் போடும், குரூப் எண்ணை வைத்துத் தானே டிஸ்க்கைத் தேடும் மைனஸ் எஸ் உடன் விஜிஇம்போர்ட் செய்திருந்தாலும் சரி, இதுதான் நடந்திருக்கும். அப்போதுதான் எழுந்து போய் டீ குடித்தேன்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். முதல் நோடில் விஜிஎக்ஸ்போர்ட்டை மைனஸ் பி, மைனஸ் எம் போட்டு லாஜிக்கல் வால்யூம்களின் பெயர்ப் பட்டியலான மேப் ஃபைல் மட்டும் எடுத்தேன், வேண்டுமென்றே மைனஸ் எஸ் இல்லாமல். குரூப் ஆக்டிவாக இருக்கிறது என்று முணுமுணுக்கும், ஃபைலை எழுதிவிடும். இரண்டாவது நோடில் எல்விஎம்டேப்பை ஒரு காப்பி வைத்துக்கொண்டு, குரூப் ஃபைலின் மைனர் எண்ணை (கர்னல் அந்தக் குரூப்பை அடையாளம் காணும் எண்) குறித்துக்கொண்டு, பழைய பதிவை விஜிஎக்ஸ்போர்ட் செய்து நீக்கினேன். டைரக்டரியையும் குரூப் ஃபைலையும் அதே மைனர் எண்ணோடு திரும்ப உருவாக்கி, விஜிஇம்போர்ட்டில் 12 பாதைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டினேன். தட்டியதை இன்னொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் என்டர். (ரா டிவைஸில் (ஃபைல் சிஸ்டம் இல்லாமல் நேரடியாக) டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள், இம்போர்ட் முடிந்ததும் டிவைஸ் ஃபைல்களின் ஓனர் மாறியிருக்கும், திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை பட்டிருக்கிறேன். இங்கே எல்லாமே ஃபைல் சிஸ்டம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.)

காப்பி லன்னை ஸ்டோரேஜ் டீம் திங்கட்கிழமை எடுத்தார்கள், ஐஓஸ்கேனில் நோ ஹார்டுவேர் என்று மிச்சமிருந்த இரண்டு வரிகளை ஆர்எம்எஸ்எஃப் போட்டுத் துடைத்தேன். பேக்கேஜ் தோற்றபோது இரண்டாவது நோடுக்கான ஸ்விட்சிங் (பேக்கேஜ் அங்கே போக அனுமதி) தானாகவே அணைந்து கிடந்தது, சிஎம்மாட்பிகேஜி போட்டு அதைத் திரும்ப எனேபிள் செய்ய மறந்து, அடுத்த சனிக்கிழமை மதியம்தான் ஞாபகம் வந்தது. அன்று இரவு மறுபடி ஃபெயில்ஓவர். கரன்ட் பிவி 6, ஆக்டிவ் பிவி 6. மவுன்ட் எல்லாம் ஏறியதும் அந்த நோடிலேயே ஒரு விஜிசிஎஃப்ஜிபேக்கப் (வால்யூம் குரூப் அமைப்பின் நகல்) எடுத்துவிட்டு, மெமரி மாற்றும் எஞ்சினியருக்குப் போன் செய்தேன்.