மீடியன் தடைக்கு ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கிய கதை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: கிடைத்துவிட்டது. எங்கள் கடைத்தெருவில் மீடியன், அதாவது ரோட்டின் நடுவே வைக்கும் திட்டு, கட்டக்கூடாது என்று சிட்டி கவுன்சில் போட்டிருந்த தற்காலிகத் தடை இன்னும் ஆறு மாதம் ஓடும். ஆனால் அதை வாங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கலிஃபோர்னியாவில் கடை கண்ணி வைத்துக்கொண்டு, வாசலுக்கு இடதுபக்கம் திரும்ப வழியில்லாமல் போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி சுருக்கமாக. ரோட்டின் நடுவே மஞ்சள் கோடு போட்ட திரும்பும் லேன் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நெடுக கான்கிரீட் மீடியன் வைப்பதுதான் திட்டம். ட்ராஃபிக் ஸ்டடி முடியும்வரை வேலை தொடங்கக்கூடாது என்று போன வருடம் ஒரு வருடத் தடை போட்டார்கள். ஸ்டடி முடியவில்லை, வருடம் முடியப் போகிறது.

முடியப் போகிறது என்று சிட்டியிலிருந்து யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு காலையில் கடை திறக்கப் போனால் தார் முழுக்கப் பெயிண்ட். தோண்டப்போகும் இடத்துக்கு வெள்ளை, தண்ணீர்க் குழாய்க்கு நீலம், கேஸுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு. தோண்டுவதற்கு முன்னால் கூப்பிட வேண்டிய 811 எண்ணுக்குச் சொல்லி, பூமிக்கு அடியில் என்ன போகிறது என்று குறித்து வைக்கும் வேலை அது. தடை அமலில் இருக்கும்போது இது எப்படி என்று கேட்டால், குறிப்பது கட்டுமானம் ஆகாதாம். சட்டப்படி சரிதான். ஆனால் ஒப்பந்தக்காரர் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறதே.

உடனே சிட்டி ஹாலுக்கு ஓடினோம். கிளர்க் கவுண்ட்டரில், "ரோடு வேலையா? பப்ளிக் வொர்க்ஸைக் கேளுங்கள்" என்றார்கள். பப்ளிக் வொர்க்ஸில், "தடை போட்டது கவுன்சில், நாங்கள் இல்லை, கிளர்க்கைக் கேளுங்கள்" என்றார்கள். இரண்டு கவுண்ட்டருக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான், மனதுதான் தூரம். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு, "கையெழுத்து வாங்கி மனு கொடுங்களேன்" என்றார். தெருவில் ஒரு கடை விடாமல், சலூன், லாண்ட்ரி, பல் டாக்டர் என்று ஏறி இறங்கி வாங்கினோம். கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கி, முத்திரை குத்தி, உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஏனென்றால் மனுவுக்கு எந்தச் சக்தியும் இல்லை. விஷயம் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் (அஜெண்டாவில்) ஏறினால்தான் கவுன்சில் அதைத் தொட முடியும். அஜெண்டாவில் ஏற, எங்கள் ஊர் விதிப்படி, ஐந்து உறுப்பினர்களில் இரண்டு பேர் கேட்க வேண்டும். இந்த விதி ஊருக்கு ஊர் மாறும். மனு எழுத உட்காருவதற்கு முன்னால் உங்கள் ஊரில் என்ன வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்று பேசி என்ன பிரயோஜனம்? அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்க, கவுன்சில் கூட்டங்களுக்கான கலிஃபோர்னியா சட்டமான பிரவுன் ஆக்ட் விடாது. தலையாட்டுவார்கள், நன்றி என்பார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது.

சரி, உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு உறுப்பினரிடம், "நேற்று அவரைப் பார்த்தோம், அவர் என்ன சொன்னார் என்றால்" என்று நான் ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். ஐந்து பேர் சபையில் மூன்று பேர் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைக் கலந்து பேசினால் அது சட்டமீறல். நேரில் பேசாமல், நடுவில் ஒருவர் தூது போனாலும் அதே கணக்குதான். எனவே உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடாதீர்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில் அனுப்பினால், யாராவது ரிப்ளை ஆல் அழுத்தி வம்பில் மாட்டலாம். தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

இரண்டு பேர் கிடைத்தார்கள், அஜெண்டாவில் ஏறியது. அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அஜெண்டாவை ஒட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வந்த உடனே கடைசி வரி வரை படியுங்கள். நாங்கள் படித்ததால்தான் தப்பித்தோம். நீட்டிப்பைச் சாதாரண ஆர்டினன்ஸாக, அதாவது வழக்கமான உள்ளூர்ச் சட்டமாகப் போட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண ஆர்டினன்ஸ் ஒரு கூட்டத்தில் அறிமுகமாகி, குறைந்தது ஐந்து நாள் கழித்து இன்னொரு கூட்டத்தில் நிறைவேற வேண்டும். அதற்குப் பிறகு 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். பழைய தடை அடுத்த வாரக் கடைசியில் முடிகிறது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் தடையே கிடையாது! பெயிண்ட் அடித்துத் தயாராக இருக்கிற ஒப்பந்தக்காரருக்கு அது தாராளம்.

போன் போட்டால், "அஜெண்டா ஒட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது" என்ற பதில். செவ்வாய்க்கிழமை அந்த ஆர்டினன்ஸ் முதல் வாசிப்பில், அதாவது அறிமுகத்தில், 3-1 என்று பாஸானது. அறையில் கைதட்டல் வேறு. எங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஓட்டு ஏன் நான்குதான் என்றால், ஐந்தாவது உறுப்பினரின் வீடு அந்த ரோட்டிலிருந்து 500 அடிக்குள் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் சொத்து இருந்தால் பொதுவாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரப்போகிற தலைவலி இதில்தான்.

இடைவெளியை அடைக்க ஒரே வழி அர்ஜென்சி ஆர்டினன்ஸ். அதை அறிமுகம் செய்த அன்றே நிறைவேற்றலாம், உடனே அமலாகும், 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்து சிறப்புக் கூட்டத்திலும் எடுக்கலாம். விலை என்னவென்றால், ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு. அறையில் இருக்கப்போவதே நான்கு பேர். ஒரு ஆள் 'நோ' சொன்னால் முடிந்தது கதை. செவ்வாய்க்கிழமை ஒருவர் சொல்லியிருந்தாரே!

அவரைப் போய்ப் பார்த்தோம். எங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஃபெடரல் ஹைவே நிர்வாகத்தின் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். கிராஸ்வாக்குடன் கூடிய மீடியனால் நடந்துபோகிறவர்கள் மீதான விபத்து 46 சதவீதம் குறையும், பாதசாரிகள் நின்று கடக்கும் தீவு வைத்தால் 56 சதவீதம் குறையும் என்று அதில் இருந்தது. "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களில் சிலர் மீடியன் என்றாலே எதிரி என்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதில் எப்போதும் உடன்பாடு கிடையாது. கிராஸ்வாக் இருக்கிற இடத்தில் தீவு வைத்தால் எங்களில் யாருக்கு நஷ்டம்? டெலிவரி லாரி திரும்புவது அங்கே இல்லையே. "தீவுக்கு விலக்கு கொடுத்து எழுதினால் ஓட்டுப் போடுவீர்களா?" என்று கேட்டோம். யோசிக்கிறேன் என்றார். சிட்டி வக்கீல் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். மேயர் சிறப்புக் கூட்டம் கூட்டினார்.

அர்ஜென்சி என்றால் என்ன அவசரம் என்று உத்தரவிலேயே காரணம் எழுத வேண்டும். வியாபாரம் படுத்துவிடும் என்பதெல்லாம் எடுபடாது. பொது அமைதி, சுகாதாரம், பாதுகாப்பு, இவற்றில் ஒன்றைத் தொட வேண்டும். எங்களுக்குக் கை கொடுத்தது தீயணைப்பு வண்டி. தீப் பாதுகாப்பு விதிமுறையான ஃபயர் கோடுபடி வண்டி போகிற வழி பொதுவாக 20 அடிக்குக் குறையக் கூடாது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் டேப்போடு வந்து, பார்க்கிங் ஓரத்திலிருந்து வெள்ளைப் பெயிண்ட் வரை பிடித்து அளந்தார். லாண்ட்ரிக்கு எதிரே வந்ததும் குனிந்து டேப்பைப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். 20 வரவில்லை.

தீயணைப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. பார்த்தால் ரோட்டின் கிழக்குப் பகுதிக்கு எழுதியிருக்கிறது, தடை இருப்பது மேற்குப் பகுதிக்கு. கிளர்க் அதைக் கோப்பில் சேர்க்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். மதியம் 12-க்குள் திருத்தின கடிதம், லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு வேண்டும் என்றார். எழுதின அதிகாரியோ ட்ரெயினிங்கில். அவருக்கு மேலே இருப்பவரைப் பிடித்து, திருத்தி வாங்கி, கவுண்ட்டர் ஜன்னல் மூடுவதற்குள் நீட்டினோம். யார் எழுதிக் கொடுத்த கடிதமானாலும் ரோட்டின் பெயரும் எல்லையும் பழைய உத்தரவில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று அவர்கள் முன்னாலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சிறப்புக் கூட்டத்தில் ஒரு சின்ன வெற்றி. பேச ஆளுக்கு 2 நிமிடம். தெருவின் பின்பக்கம் குடியிருக்கும் தமிழ் அம்மா ஒருவர் பேச வந்தார், நான் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று 2016-இல் சட்டம் வந்திருக்கிறது. மேயருக்கு அது நினைவில் இல்லை போலும், 2 நிமிடத்தில் மணி அடித்துவிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பேசலாமா தம்பி, நிறுத்தணுமா?" என்றார். நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பிரிவை நீட்டினேன். வக்கீல் பார்த்தார், தலையசைத்தார், கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். "ராத்திரி இவருக்கு நெஞ்சுவலி வந்தப்போ ஆம்புலன்ஸ் அந்த நடு லேன்லதாம்மா ஓடி வந்துச்சு" என்று அவர் சொன்னதை நான் இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது, 'நோ' சொன்னவர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

4-0.

அதோடு நிற்காதீர்கள். சாதாரண ஆர்டினன்ஸின் இரண்டாவது வாசிப்பையும் விடாமல் முடிக்கச் சொல்லிக் கேட்டோம். நாளைக்கு யாராவது அவசரக் காரணம் போதாது என்று வழக்குப் போட்டாலும் அது தனியாக நிற்கும். அடுத்த கூட்டத்தில் அதுவும் நிறைவேறியது, பேச்சே இல்லாமல்.

இப்போது ஸ்டடியின் வரைவு வேண்டும் என்று பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். 10 நாளில் பதில் தர வேண்டும் என்பார்கள். அந்த 10 நாள், தருவார்களா மாட்டார்களா என்று சொல்வதற்குத்தான், அதையும் மேற்கொண்டு 14 நாள் வரை நீட்டிக்கொள்ள வழி இருக்கிறது. தாள் கையில் கிடைக்க இன்னும் ஆகலாம். கவுன்சில் தேதியை அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.