குதிகாலும் நாற்பது பக்க நோட்டும்

அம்மா பக்கவாதத்தில் விழுந்து, மருத்துவமனையிலிருந்து திருச்சி வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில், வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் மூன்று ஏஜென்சிகளிடம் பேசினேன். பயிற்சி பெற்ற பணியாளர், போலீஸ் சரிபார்ப்பு, 24 மணி நேரச் சேவை என்று மூவரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அந்த 24 மணி நேரம் என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவமனையில் அனுப்பியிருந்தார்கள். ஏஜென்சி அனுப்பிய ஒரே பணியாளர், பகல் முழுவதும் உழைத்த அதே அம்மாள், இரவு 12 மணிக்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்திருப்பார் என்று நம்பியது என் அசட்டுத்தனம்.

ஒன்பதாம் நாள் காலையில் போர்வையை விலக்கியபோது, அம்மாவின் இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயத்தளவு இடம் சற்றே கறுத்திருந்தது. வெளுத்த தோலில் இது சிவப்பாகத் தெரியுமாம். நம்முடைய நிறத்தில் கண்ணை மட்டும் நம்ப முடியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடம் சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோது நிறம் மாறவேயில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அதுதான்.

பக்கம் மாற்றிய நேரத்தைக் குறிப்பதற்காக நான் வாங்கி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைப் புரட்டினேன். 10, 12, 2, 4. இடது, வலது, இடது, வலது. ஒரு நிமிடம்கூடப் பிசகாமல், ஒரே மையில், ஒரே சாய்வில், ஒன்பது இரவுகள் எழுதப்பட்டிருந்தன. விடிந்தபின் ஒரே மூச்சில் எழுதியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் அந்த அம்மாள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தூங்காமல் ஒரு மனுஷி எத்தனை நாள் ஓடுவார்?

மருத்துவச் சேவையின் தரத்தை அமைப்பு (ஆட்கள், அவர்கள் தகுதி, வசதிகள்), செயல்முறை (செய்யும் விதம்), விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதினார். ஏஜென்சிகள் நம்மிடம் காட்டுவதெல்லாம் முதலாவதை மட்டுமே, அதையும் அரைகுறையாக. செவிலியர் என்று சொல்லி அனுப்பினால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் வருபவர் அட்டெண்டர்தான். அவர் கையில் இருக்கும் பயிற்சிச் சான்றிதழைவிட, குழாய் வழியே கஞ்சி ஊற்றும் முன் தலைமாட்டை உயர்த்துகிறாரா என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது.

அதையும் ஒரு விடுப்பு நாள்தான் காட்டிக்கொடுத்தது. வழக்கமாக வருபவர் ஊர்த் திருவிழாவுக்குப் போக, மாற்றாக வந்த பெண் கஞ்சியை ஊற்றி முடித்த கையோடு அம்மாவை மட்டமாகப் படுக்க வைத்துவிட்டார். இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்து நிமிர்த்தினேன். உணவுக்குப் பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது எழுதி ஒட்டப்பட்டிருந்தது, எங்கள் வீட்டுச் சுவரில். ஏஜென்சி அவரிடம் சொல்லி அனுப்பியதோ முகவரியும் சம்பளமும் மட்டுமே. ஒரு சேவையை எடைபோட, பழகியவர் வராத நாளைப் போல வேறு நாள் கிடையாது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருவராக இரண்டு பேரைக் கேட்டு வாங்கினேன். கூடிய செலவை அண்ணனும் நானும் பகிர்ந்துகொண்டோம். மாதம் தவறாமல் ஏஜென்சியிலிருந்து போன் செய்து, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். உங்கள் மேற்பார்வையாளர் அம்மாவின் குதிகாலை எப்போது பார்த்தார் என்று நான் திருப்பிக் கேட்டால், விசாரித்துச் சொல்வதாக வைத்துவிடுகிறார்கள்.

இரவுப் பணிக்கு வந்த புதியவரின் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். முதல் வாரத்தில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "12.10 இடது. 2 மணிக்குத் தூங்கிட்டேன். 2.50 வலது. மலம் போனாங்க, துடைச்சு துணி மாத்தினேன். குதிகால் சூடு இல்லை." அன்றிலிருந்து அந்த நோட்டை நான் தினமும் சரிபார்ப்பதில்லை.