வைப்பர் மழையில சாகுறதில்ல, வெயில்ல சாகுது

போன ஐப்பசியில திருச்சியில ஒரு கல்யாணம், முடிச்சிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மெட்ராஸுக்குக் கிளம்பிட்டோம். விழுப்புரம் வரைக்கும் ஒரு சொட்டு மழை இல்ல. விக்கிரவாண்டி டோல் தாண்டி பத்து நிமிஷம் இருக்கும், குடத்தோட கவுத்த மாதிரி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, சரின்னு வைப்பரைத் தட்டினேன், அப்பதான் மாட்டினேன்.

கண்ணாடி முழுக்க நல்லாத்தான் தொடைக்குது, ஆனா டிரைவர் பக்கம், கரெக்டா என் கண்ணுக்கு நேரா, வில்லு மாதிரி வளைஞ்சு ஒரு தண்ணிக் கோடு, ஒவ்வொரு தடவை போய்ட்டு வரும்போதும் அதே இடத்துல அதே கோடு. பகல்ல இது ஒரு விஷயமே இல்ல. ராத்திரியில எதிர்ல ஒரு லாரி ஹைபீம் போட்டுட்டு வந்தா அந்த ஒத்தக் கோடு போதும், வெளிச்சம் அதுல பட்டுச் செதறி மொத்தக் கண்ணாடியும் வெள்ளையா ஆயிடுது, ரெண்டு செகண்டுக்கு ரோட்டுக் கோடும் தெரியல, முன்னாடி எவன் போறான்னும் தெரியல. வீட்டம்மா பக்கத்துல உக்காந்து "என்னங்க, உங்களுக்கு ரோடு தெரியுதா"ன்னு கேட்டாங்க. தெரியுதுன்னு பொய் சொன்னேன். ஒரு பஸ்ஸோட சிவப்பு லைட்டைப் புடிச்சுக்கிட்டு 40-லயே உருட்டிட்டு வந்தேன், திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சர்ருனு ஒரு சத்தம், பாத்தா ரப்பர் ஒரு முனையில பிஞ்சு பல்லி வால் மாதிரி ஆடுது.

நல்லவேளை ஒரு டீக்கடை இருந்துச்சு. ஓரங்கட்டி நின்னு அதையே பாத்துட்டு இருந்தேன், டீ குடிச்சிட்டு இருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்து பாத்துட்டு, "அந்தப் பக்கத்து பிளேடைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டு தம்பி, கொக்கி ஒண்ணுதான்"னாரு. எனக்கு அது தோணவே இல்ல. இடது பக்க பிளேடு சின்னது, கொஞ்ச இடம்தான் தொடைக்கும், ஆனா ஓட்டுறவனுக்கு வேண்டிய இடத்தைத் தொடைக்கும், அது போதும்ல. பெரிய பிளேடை அந்தப் பக்கம் மாட்டினா ரெண்டும் இடிச்சுக்கும், அதனால அங்க பிளேடு இல்லாத வெறும் கம்பி. அப்படியே விட்டா கண்ணாடியைக் கீறி வெச்சிடும், துணி சுத்தணும். வண்டியில இருந்த துணி கல்யாணத்துல குடுத்த தாம்பூல மஞ்சப்பைதான். தேங்காயை வெளிய எடுத்துட்டு அதைச் சுத்திக் கட்டி, மணமக்கள் பேரு கண்ணாடியில இப்படியும் அப்படியும் போய்ட்டு வர, மெதுவா வீடு வந்து சேந்தோம்.

இதுல எனக்கு ஆத்திரம் என்னன்னா, அந்த பிளேடு மாத்தி ஒன்றரை வருஷம்தான், அதுலயும் மழையில ஓடினது மொத்தமா ஒரு பத்துப் பதினஞ்சு நாள் இருந்தா அதிகம். யூஸே பண்ணல, அப்ப புதுசுதானேன்னு நெனச்சேன். அங்கதான் தப்பு. நம்ம ஊர்ல வைப்பர் தேயுறது கம்மி, வேகுறது ஜாஸ்தி. மொட்டை வெயில்ல நிக்கிற வண்டியோட கண்ணாடி மேல கைய வெச்சுப் பாருங்க, ரெண்டு செகண்டு வைக்க முடியாது, அந்தச் சூட்டுல ரப்பர் மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. சூரியன்ல இருந்து வர்ற புற ஊதாக் கதிரும் காத்துல இருக்கிற ஓசோனும் சேந்து ரப்பரை இறுக வெச்சு வெடிக்க வெச்சிடும். பங்குனி சித்திரையில செத்துப்போனது நமக்கு ஐப்பசியிலதான் தெரிய வருது.

அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை பாத்துட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும். ரப்பரோட கீழ் ஓரம் கத்தி மாதிரி மெல்லிசா இருக்கும், அது நேரா நிக்காது, பிளேடு போற திசைக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சு இழுபட்டுட்டுப் போகும், திரும்பும்போது சட்டுனு அந்தப் பக்கம் புரளும். அந்தப் புரளுறதுதான் உயிர். வெயில்ல ஒரே பக்கமா சாஞ்சு கிடந்து இறுகிப் போன ரப்பர் புரளாது, அதனால ஒரு பக்கம் போறப்ப அமைதியா போகும், திரும்பி வர்றப்ப கீச்சுன்னு கத்தும், இல்லன்னா தடதடன்னு குதிச்சுக் குதிச்சு வரும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தா பெரும்பாலும் இந்தக் கதைதான், சில சமயம் கம்பி முறுக்கிப் போயிருந்தாலும் அப்படி வரும், வாட்டர் வாஷ்ல பசங்க அதைப் புடிச்சு வளைச்சு விடுறது உண்டு.

ஆனா கோடு விழுந்த ஒடனே கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஈரத்துணியில ரப்பர் ஓரத்தை ஒரு இழுப்பு இழுங்க, கரி கரியா வரும். ரெண்டு மூணு தடவை தொடச்சிட்டுத் தண்ணி அடிச்சுப் பாருங்க, கோடு போயிடுச்சுன்னா அது வெறும் அழுக்கு. கோடு இடம் மாறி மாறி வந்தாலும் பெரும்பாலும் தூசிதான். அதே எடத்துல விடாம வந்தா அங்க ரப்பர் கிழிஞ்சிருக்கும், நகத்தால தடவினாலே தட்டுப்படும். கோடா இல்லாம மொத்தமா மங்கலா, எண்ணெய் பூசின மாதிரி இருந்துச்சுன்னா பிளேடு மேல பழி போடாதீங்க, அது கண்ணாடியில படிஞ்ச டீசல் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். ஷாம்பூ போட்டு நல்லாக் கழுவி, நியூஸ் பேப்பரால தேச்சு எடுத்துட்டு அப்புறம் பாருங்க.

இன்னொண்ணு, காலையில வண்டி மேல தூசி கெடந்தா தண்ணி அடிக்காம அப்படியே வைப்பரைப் போட்டுத் தள்ளுறவங்க நெறைய பேரு இருக்காங்க, எங்க அபார்ட்மெண்ட்லயே நாலு பேர். அது மண்ணை வெச்சுக் கண்ணாடியைத் தேய்க்கிற வேலை. ரப்பரும் போகும், கண்ணாடியும் கீறும், ரப்பரையாவது மாத்திக்கலாம். அப்புறம் வாஷர் டப்பாவுல போர் தண்ணி ஊத்தாதீங்க, எங்க ஏரியா தண்ணி உப்பு, நாசில் அடைச்சு நான் குண்டூசியால குத்தி எடுத்த கதை தனி.

இப்ப என் கணக்கு, புரட்டாசி முதல் வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கெட் தண்ணியோட ஒரு டெஸ்ட், அதுவும் ராத்திரி, எதிர்ல தெருவிளக்கு இருக்கிற மாதிரி நிறுத்திட்டு உள்ள உக்காந்து பாக்கணும். பகல்ல பாத்தா எல்லா பிளேடும் நல்ல பிளேடுதான். மத்தவங்க ஆறு மாசம், ஒரு வருஷம்னு சொல்றாங்க, நிழல்ல நிக்கிற வண்டிக்கு அதுக்கு மேலயும் ஓடலாம், என்னுது தெருவுல நிக்குது, அதனால வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி கண்ண மூடிட்டு மாத்திடுறேன்.

மெட்ராஸ்ல கார் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜிபி ரோட்டுல ரப்பர் மட்டும் தனியாவும் கிடைக்கும், விலை கம்மி, கூடு நல்லா இருந்தா அது போதும். நான் முழு பிளேடே வாங்கினேன், ஜோடி 650 ரூபா. ரெண்டு பக்கமும் அளவு வேற வேற, டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க, கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் சார்"னு சொல்லுவாரு, ஆகாது. மாட்டும்போது கண்ணாடி மேல ஒரு தடிமனான டவலை விரிச்சிடுங்க. பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்துல அறைஞ்சா கண்ணாடி விட்டுடும், 650 ரூபா வேலை பல ஆயிரத்துல போய் நிக்கும்.

பழைய பிளேடுல நல்லா இருந்த சின்னதை டிக்கியில போட்டு வெச்சிருக்கேன், அந்த மஞ்சப்பையும் அங்கதான் இருக்கு. பின் கண்ணாடி வைப்பரை வண்டி வாங்கின நாள்லருந்து மாத்தவே இல்ல, வீட்டம்மா இதைப் படிச்சா இன்னைக்கே கேப்பாங்க.