மாகாண உத்தியோகத்தர் யாரிடம் போய்க் கேட்பது?

மாகாண சபைத் தேர்தல் கதை எழும்பினாலே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள்: "அக்கா, முதலமைச்சர் வந்தால் எங்கட இடமாற்றம் எல்லாம் அவற்ர கையிலதானே?"

இல்லை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தில் 32ஆம் பிரிவைப் பாருங்கள். மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம், ஒழுக்காற்று எல்லாமே ஆளுநருக்கு உரியவை. அவரை நியமிப்பவர் சனாதிபதி. அந்த அதிகாரங்களை ஆளுநர் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். ஆனால் ஆணைக்குழு உறுப்பினர்களை நியமிப்பதும் அவரே. ஆணைக்குழு போட்ட இடமாற்றக் கட்டளையை மாற்றவும் ரத்துச் செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அப்படியிருக்க ஆணைக்குழு எப்படிச் சுயாதீனமாக இயங்கும்? ரத்துச் செய்யும் அதிகாரத்தைத் தரும் அந்த ஒரு வாசகம் திருத்தப்படத்தான் வேண்டும்.

நிர்வாகத்துக்குத் தலைமை பிரதம செயலாளர். அவரையும் சனாதிபதிதான், முதலமைச்சரின் இணக்கத்துடன், நியமிக்க வேண்டும். வடக்கில் 2013இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் இணக்கம் சொல்ல முதலமைச்சரே இல்லை. அமைச்சுச் செயலாளர்களில் பெரும்பாலானோர் இலங்கை நிர்வாக சேவைக்காரர். அவர்களுக்கு மேலே இருப்பது மாகாண ஆணைக்குழு அல்ல, மத்தியின் அரசாங்க சேவை ஆணைக்குழு. புதிய பதவி உருவாக்கவும் திறைசேரிப் பக்கத்து முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் ஆளணி அங்கீகாரம் தரவேண்டும்.

இதெல்லாம் சட்டப் புத்தகத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா தீவுப் பகுதிப் பாடசாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வடக்கு கிழக்கு இணைந்திருந்த காலத்து நியமனம். தலைமையகம் அப்போது திருகோணமலையில். 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிந்தபோது உத்தியோகத்தர்களின் கோவைகளும் பிரிந்து வந்தன. அவருடைய தனிப்பட்ட கோவையை நானே விரித்துப் பார்த்தேன். சம்பள ஏற்றப் படிவங்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தன. நியமனத்தை நிரந்தரமாக்கிய கடிதம் இருக்க வேண்டிய இடத்தில் பக்க இலக்கம் ஒன்று தாண்டியிருந்தது. அந்த ஒரு தாளுக்காக ஓய்வூதியம் இழுபட்டது. ஓர் அலுவலகம் "எங்களுக்குரியதில்லை" என்று அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியது, அது திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு கடிதத்திலும் "ஊடாக" என்று வரிசையாக மூன்று பதவிப் பெயர்கள். பொறுப்பு எடுக்க ஒருவரும் இல்லை. சபை இருந்திருந்தால் குறைந்தது ஓர் உறுப்பினராவது எழும்பிக் கேள்வி கேட்டிருப்பார்.

சரி, தேர்தல் வரும்போது வரட்டும். 2007க்கு முன் சேர்ந்தவர்கள் இந்தக் கிழமையே உங்கள் விடய உத்தியோகத்தரிடம் போய்க் கோவையைக் காட்டச் சொல்லுங்கள். நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள மூலப்பிரதியைக் கொண்டுபோய், உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.