எம்பெடட் பிராக்டிகலில் எஸ்டி கார்டு லாகர் வந்தால்: ரிசல்ட் வந்த கையோடு சில குறிப்புகள்

ரிசல்ட் வந்துவிட்டது. நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது, அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேள்விச் சீட்டில் எஸ்டி கார்டு டேட்டா லாகர் (சென்சார் ரீடிங்குகளை மெமரி கார்டில் எழுதிவைக்கும் கருவி) என்று பார்த்ததும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. என்னைக் கேட்டால் மார்க் அள்ளுவதற்கு அதைவிட வசதியான கேள்வி கிடையாது. ரெக்கார்டு, நேரம், வைவா எப்படி நடக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

மற்றதெல்லாம் மறந்தாலும் ஃபிளஷ் மறக்காதீர்கள், அதாவது ரேமில் தேங்கிய டேட்டாவைக் கார்டுக்குத் தள்ளும் கட்டளையை.

எங்கள் பேட்சில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) செய்தது இதுதான். சீரியல் மானிட்டரில் வெப்பநிலை அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு வார்த்தை பேசாமல் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினார், கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகினார். பக்கத்து மேசைக்காரரின் கார்டில் ஃபைல் இருந்தது, அளவு 0 பைட். அவருடைய ப்ரோகிராம் தப்பே இல்லை, அவ்வளவு நேரமும் ஓடியது. லைப்ரரியோடு வரும் உதாரணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடுவார்கள். வேகமாக இருக்கட்டும் என்று திறப்பதை செட்டப்புக்குள் நகர்த்தியிருந்தார், அதோடு மூடுவதும் போய்விட்டது. நன்றாகப் படிக்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் எரிச்சல். எங்கள் லேப் மேனுவலில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என்ன நடக்கிறது என்றால், நாம் பிரிண்ட் செய்வது நேராகக் கார்டுக்குப் போவதில்லை, ரேமில் இருக்கும் 512 பைட் பஃபருக்குப் போகிறது. வரிக்கு 20 பைட் என்றால் ஏறக்குறைய 25 வரி சேர்ந்த பிறகுதான் ஒரு பிளாக் கார்டில் எழுதப்படும். சரி, பல பிளாக்குகள் எழுதியாகிவிட்டதே, அப்புறம் ஏன் 0? ஃபைலின் அளவு டைரக்டரியில் தனியாக இருக்கிறது. ஃபிளஷோ க்ளோஸோ நடந்தால்தான் அந்த எண் மாறும். ஆக டேட்டா கார்டில் கிடக்கும், ஆனால் டைரக்டரி 0 என்று சொல்லும், லேப்டாப்பும் அதைத்தான் நம்பும். இந்த நாலு வரியை வைவாவில் சொன்னதும் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி உடனே வந்தது: அப்படியென்றால் வரிக்கு வரி ஃபிளஷ் செய்ய வேண்டியதுதானே? விநாடிக்கு ஒரு ரீடிங் என்றால் தாராளமாகச் செய்யலாம். விநாடிக்கு 100 என்றால் முடியாது, ஒவ்வொரு ஃபிளஷிலும் பாதி நிரம்பிய டேட்டா பிளாக்கும் டைரக்டரி பிளாக்கும் திரும்ப எழுதப்படுகின்றன, நடுவில் கார்டு சில சமயம் 250 மில்லிவிநாடி வரைகூட பிஸி என்று உட்கார்ந்துவிடலாம், அதற்குள் ரீடிங்குகள் தவறிப்போகும். நான் மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்லும் ஃபங்ஷன்) வைத்து 5 விநாடிக்கு ஒரு முறை ஃபிளஷ் எழுதியிருந்தேன். "கரண்ட் போனால்?" என்றார். "கடைசி 5 விநாடி போகும் சார், அதற்கு முந்தியது இருக்கும்" என்றேன். அந்த எண்ணை நீங்களே சொல்வதுபோல் பேச்சைக் கொண்டுபோங்கள்.

இனி வயரிங். நான் பேச ஆரம்பித்தாலே பதறுகிற ஆள், அதனால் முதலில் பேப்பரில் பின் அட்டவணை போட்டுவிட்டுத்தான் வயரைத் தொடுவேன். தைரியசாலிகள் நேராக செருகிக்கொள்ளலாம். ஆர்டுயினோ ஊனோ போர்டில், கார்டோடு பேசும் எஸ்பிஐ லைன்கள்:

மோசி (போர்டிலிருந்து கார்டுக்கு) 11, மிசோ (கார்டிலிருந்து போர்டுக்கு) 12, கிளாக் 13.
சிஎஸ் (கார்டைத் தேர்ந்தெடுக்கும் லைன்) 10 அல்லது 4. ப்ரோகிராமில் கார்டைத் தொடங்கும் பிகினுக்குள் இருக்கும் எண்ணும் வயர் போகும் பின்னும் ஒன்றா என்று பாருங்கள்.
சிஎஸ் எங்கே இருந்தாலும் 10 அவுட்புட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊனோவின் சிப் ஸ்லேவாக (கட்டளை கொடுக்காமல் கேட்டு நடக்கும் பக்கமாக) மாறிவிடும். லைப்ரரி பார்த்துக்கொள்கிறது, ஆனால் கேட்பார்கள்.

மின்சாரத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கார்டு 3.3 வோல்ட் சாமான், 3.6க்கு மேல் தாங்காது. மாட்யூலில் (கார்டைச் செருகும் சின்ன போர்டில்) 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டர் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், மூன்று காலும் அகலமான ஒரு தகடும் உள்ள சின்னக் கறுப்புச் சிப். அது இருந்தால் 5 வோல்ட் கொடுங்கள். அங்கே பயந்துபோய் 3.3 கொடுத்தால் ரெகுலேட்டரே கொஞ்சத்தை விழுங்கிவிடும், கார்டு பட்டினி, "இனிஷியலைசேஷன் ஃபெயில்ட்" என்று வரும், நீங்கள் ப்ரோகிராமைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பீர்கள். ரெகுலேட்டரும் லெவல் ஷிஃப்டரும் (5 வோல்ட் சிக்னலை 3.3க்கு இறக்கும் சிப்) இல்லாத மொட்டை மாட்யூல் என்றால் 3.3தான், ஊனோவிலிருந்து கார்டுக்குப் போகும் மூன்று லைனையும் ரெசிஸ்டர் போட்டு இறக்க வேண்டும். ஊனோவின் 3.3 பின் தருவது 50 மில்லிஆம்பியர்தான், எழுதும்போது கார்டு 100கூடக் கேட்கும். அதனால்தான் பிகின் சரியாக வந்து எழுதும்போது மட்டும் சொதப்பும்.

கார்டு ஃபேட்16 அல்லது ஃபேட்32 ஆக இருக்க வேண்டும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும், வழக்கமான எஸ்டி லைப்ரரிக்கு அது புரியாது. ஃபைல் பெயர் 8 எழுத்து, புள்ளி, 3 எழுத்து. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வைவாவில் சுற்றிச் சுற்றி வந்தவை:

- தொடக்கத்தில் சிஎஸ் ஹையில் வைத்துக் குறைந்தது 74 கிளாக் துடிப்பு, 400 கிலோஹெர்ட்ஸுக்குள். ஏன்? கார்டு விழிக்க. அப்புறம்தான் சிஎம்டி0 (ரீசெட் கட்டளை), பதில் 1 வர வேண்டும்.
- ஊனோவின் ரேம் 2 கேபி, அதில் 512 பைட் பஃபருக்கே போகிறது. நீளமான மெசேஜ்களை எஃப் மேக்ரோவில் போட்டு ரேமுக்குப் பதில் ப்ரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் வையுங்கள்.
- ஆர்டிசி (நேரம் சொல்லும் கடிகாரச் சிப்) ஏன் ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில்? எஸ்பிஐ-யைக் கார்டுக்கே விட்டுவிடலாம் என்பதால். சில மலிவு மாட்யூல்களில் சிஎஸ் ஹை ஆன பிறகும் மிசோவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் இன்னொரு எஸ்பிஐ சென்சார் இருந்தால் அது ஊமையாகிவிடும். டிஎஸ்3231 ஆர்டிசி என்றால் ஏ4, ஏ5 பின்கள், எந்தச் சண்டையும் இல்லை.

எல்சிடி, பஸர் என்று கூடுதல் அலங்காரம் வேண்டாம் என்பது என் கட்சி. கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் நீங்களே கேபிளைப் பிடுங்கிக் கார்டைப் பார்த்துவிடுங்கள்.

ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி32 கொடுத்தால் சிஎஸ் 5, கிளாக் 18, மிசோ 19, மோசி 23. அது 3.3 போர்டு என்பதால் லெவல் ஷிஃப்டர் வேலை இல்லை. வேகம் கிடைக்கும் என்று எஸ்டிஎம்எம்சி 4 பிட் (எஸ்பிஐ-க்குப் பதில் நாலு டேட்டா லைனில் கார்டோடு பேசும் முறை) பக்கம் தேர்வு நேரத்தில் போகாதீர்கள், அதற்கு 12ஆம் பின் வேண்டும், பூட் ஆகும்போது அந்தப் பின் புல்-அப்பால் ஹையில் இருந்தால் பல போர்டுகள் எழுந்திருக்கவே மாட்டா.